தனிமனையும் தாய்மனையும்

வளர்ந்து ஆளாகிப் பொருளீட்டும் மக்கள் பெற்றோருடனேயே வாழ்தல் வேண்டுமா, தனியே மனை அமைத்துக்கொள்ளுதல் வேண்டுமா என்னும் வினா இன்று நம் மன்றங்களில் அடிக்கடி எழுகின்றது. பட்டிமன்றத்தில் இருபுறமும் திறம்படப் பேசுவோர் உளர். கூட்டுக் குடும்பமே தமிழர் நெறி என்றும், தனிக்குடித்தனம் மேனாட்டாரிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் என்றும் வாதிடுவோர், தம் கூற்றுக்குச் சிலப்பதிகாரத்தையே துணைக்கு அழைப்பதுண்டு. பெற்றோர் வீட்டிலேயே இருந்திருப்பானாயின் கோவலன் கெட்டிருப்பானா, தந்தையின் கண்ணுக்கு மறைவாகத் தனிமனையில் இருந்தமையால் அன்றோ மாதவியின் வாயிலை மிதித்தான் என்று அவர்கள் கேட்கும்போது அவையில் கைதட்டல் எழுகின்றது.

கைதட்டல் எழுந்தமையால் ஒரு கருத்து மெய்யாகிவிடாது. காப்பியம் அவ்வாறு கூறுகின்றதா என்று நூலைப் புரட்டிப் பார்த்தல் தமிழாசிரியர் கடமை. அங்ஙனம் பார்க்குங்கால் இளங்கோவடிகள் கூறுவது வேறு என்பதும், அது இந்நாட்டில் நம் பிள்ளைகளின் வாழ்வுக்கு மிகவும் வேண்டிய ஒன்று என்பதும் புலனாகும்.

தாய் வைத்த தனிமனை

புகார்க் காண்டத்தின் இரண்டாம் காதை மனையறம் படுத்த காதை. அதற்கு முன்னுள்ள மங்கல வாழ்த்துப் பாடலில் திருமணம் நிகழ்ந்துவிடுகின்றது. மணமகனுக்கு வயது 16. மணமகளுக்கு வயது 12. இருவரும் புகார் நகரத்துப் பெருவணிகர் குடியினர். இரண்டாம் காதையின் பெரும்பகுதி கோவலன் கண்ணகியின் நலத்தைப் பாராட்டும் மொழிகளாக அமைந்துள்ளது. வகுப்பில் நாம் சுவைத்துச் சுவைத்து நடத்துவதும் அப்பகுதியையே. காதையின் இறுதியில் உள்ள சில அடிகளை விரைந்து கடந்துவிடுகின்றோம். நம் வினாவுக்குரிய விடையோ அவ்விடத்தில்தான் இருக்கின்றது.

அங்கே கோவலனின் தாய் வருகின்றாள். மகனையும் மருமகளையும் தனியே ஒரு மனையில் இருத்துகின்றாள். வேண்டிய செல்வத்தையும் ஏவல் செய்யும் சுற்றத்தையும் உடன் கொடுக்கின்றாள். இருவரும் அறம் செய்வதையும் விருந்து ஓம்புவதையும் தன் கண்ணால் கண்டு மகிழவேண்டும் என்பது அவள் விருப்பம். அம்மனையில் ஆண்டுகள் சில கழிகின்றன. கண்ணகியின் இல்லறச் சிறப்பு கண்டோர் வியக்கும்படி விளங்குகின்றது.

காதையின் பெயரையும் நோக்குக. மனையறத்தில் நின்ற காதை என்று பெயர் வைக்கவில்லை. மனையறம் படுத்த காதை என்று வைத்தார். படுத்தல் என்பது பிறவினை. ஆகவே இல்லறத்தில் நிற்கச் செய்தார் ஒருவர் உளர் என்பது பெயராலேயே பெறப்படும். அவர் கோவலனின் தாயே. மருமகளோ மகனோ சண்டையிட்டுக்கொண்டு வெளியேறவில்லை. பெரிய மனையின் தலைவி தானே முன்னின்று இளையோரைத் தனிமனையில் வைத்தாள். தனிக்குடித்தனம் நேற்று வந்த வழக்கம் என்போருக்கு இவ்வொரு காதையே போதிய மறுப்பாகும்.

மனை எதற்கு?

தாய் ஏன் அவ்வாறு செய்தாள்? பெரிய வீட்டில் விருந்தினரை வரவேற்பவள் மாமியார்; அறச்செலவு செய்பவர் மாமனார். அவ்வீட்டில் இருக்கும்வரை இளையோர் அறத்தின் நிழலில் இருப்பர். அறத்தைத் தம் கையால் செய்யமாட்டார். பொறுப்பு தோளில் ஏறினாலன்றித் தோள் வலுப்பெறுவதில்லை. இதனை உணர்ந்த தாய், பொறுப்பைக் கொடுப்பதற்காகவே மனையைக் கொடுத்தாள்.

மதுரையில் ஆயர் குடியிருப்பில் கண்ணகி கூறும் மொழிகள் இதனை வலியுறுத்தும். கொலைக்களக் காதையில், கணவனைப் பிரிந்த காலத்தில் தான் இழந்தவை யாவை என்று அவள் எண்ணிக் காட்டுகின்றாள். அறவோர்க்குக் கொடுத்தல், அந்தணரைப் பேணல், துறவோரை எதிர்கொள்ளல், விருந்தினரை வரவேற்றல் என்னும் இவற்றை இழந்தேன் என்கின்றாள். அணிகலனை இழந்தேன் என்றோ இன்பத்தை இழந்தேன் என்றோ கூறினாளல்லள். கணவன் மாதவியிடம் இருந்தபோதும் மனை இருந்தது, சுவர் இருந்தது, ஏவலாளர் இருந்தனர். மனைக்குரிய செயல் மட்டும் இல்லை. செயலற்ற மனை வெறும் கட்டடம் என்பதை அடிகள் கண்ணகியின் வாயால் கூறிவிட்டார்.

பிழை எங்கே?

இனி, தந்தையின் கண்ணுக்கு மறைவாக இருந்தமையால் கோவலன் கெட்டான் என்னும் வாதத்தை எடுத்துக்கொள்வோம். மேற்சொன்ன அதே இடத்தில் கண்ணகி இன்னொன்றும் கூறுகின்றாள். கோவலனின் பெற்றோர் அவள் மனைக்கு வந்தனர். அன்பு மொழி கூறி அவளைப் பாராட்டினர். அவளோ தன் நோயை உள்ளே மறைத்து ஒரு பொய்ந்நகை நகைத்தாள். அந்நகையே நோயைக் காட்டிவிட, அவர்கள் உள்ளம் வருந்தினர். எனவே பெற்றோர்க்கு எதுவும் மறைவாக இல்லை. வந்தனர், கண்டனர், வருந்தினர். தனிமனையின் சுவர் பெற்றோரின் கண்ணை மறைக்கவில்லை.

அப்படியாயின் பிழை எங்கே? இரண்டு இடங்களில் என்பது என் கருத்து.

முதலாவது, அம்மனை கோவலன் உழைப்பால் வந்ததன்று. நூல் முழுவதும் தேடினும் கோவலன் பொருள் கொடுத்ததைக் காண்கின்றோம். பொருள் ஈட்டியதைக் காணோம். அடைக்கலக் காதையில் மாடலன் அவனுடைய நற்செயல்களை அடுக்கிக் கூறுகின்றான். அவை யாவும் வள்ளன்மைச் செயல்கள். யானையின் கையிலிருந்து முதியவர் ஒருவரை மீட்ட வீரமும் அவனிடம் இருந்தது. ஆயினும் ஈட்டும் வழக்கம் இல்லாத கையில் கொடை நெடுநாள் தங்குவதில்லை. மாதவியின் மாலைக்கு ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் கொடுத்த கையும் அதே கைதான். முன்னோர் தேடிய செல்வம் முழுவதும் தொலைந்தபின், கனாத்திறம் உரைத்த காதையில், கண்ணகியின் சிலம்பை முதலாகக் கொண்டு மதுரையில் வணிகம் செய்து இழந்ததை ஈட்டுவேன் என்கின்றான். ஈட்டுதல் என்னும் எண்ணம் அவன் வாயில் பிறக்கும்போது காலம் கடந்துவிட்டது.

இரண்டாவது பிழை இதனினும் பெரிது. இழந்தேன் என்று சொல்லிக்கொண்டு தாய்மனைக்குத் திரும்ப அவனால் இயலவில்லை. வறுமை நாணத்தைத் தருகின்றது என்று மனைவியிடம் கூறுகின்றான். விடியுமுன் பெற்றோரிடம் சொல்லாமலே ஊரைவிட்டு நீங்குகின்றான். அவன் தந்தையின் மனை அதே நகரத்தில் இருந்தது. அதன் கதவு அடைக்கப்பட்டிருந்ததா? இல்லை. புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிகன் வந்து கூறுவதைக் கேளுங்கள். மணியை இழந்த நாகம் போலப் பெற்றோர் துடித்தனர். மகனைத் தேடிக்கொணர எத்திசையும் ஆட்களை விடுத்தனர். பெற்றோர் திறந்து வைத்திருந்த கதவை நாணம் என்னும் தாழ் உள்ளிருந்து பூட்டிவிட்டது.

அதன் விளைவைக் காப்பியம் மறைக்கவில்லை. முதிய பெற்றோர்க்குச் செய்யவேண்டிய பணியைச் செய்யாது தவறினேன் என்று கோவலனே வருந்துகின்றான். நீர்ப்படைக் காதையில் மாடலன் கூறும் செய்தி இன்னும் கொடியது. மகன் இறந்தது கேட்டு மாசாத்துவான் தன் பொருளையெல்லாம் தானமாகக் கொடுத்துத் துறவு பூண்டான். கோவலனின் தாய் உயிர்விட்டாள். மனையறம் படுத்த தாய் அம்மனை அழிந்த செய்தியோடு மறைகின்றாள். ஆகவே, பிரிந்து வாழ்ந்தமையால் குடும்பம் கெட்டது என்பது சிலம்பின் கருத்தன்று. உழைக்காமல் பெற்ற மனையும், தோற்றபோது திரும்பிச் செல்லாத நாணமும் குடும்பத்தைக் கெடுத்தன என்பதே கருத்து.

சங்கச் செவிலி

தனிமனையில் வாழும் மக்களிடம் பெற்றோர் எவ்வாறு பழகவேண்டும் என்பதற்குச் சங்கப் பாடல்கள் நல்ல இலக்கணம் வகுத்துள்ளன. மணமான மகளின் மனைக்குச் சென்று திரும்பிய செவிலித்தாய், தான் கண்டதை நற்றாய்க்குக் கூறுதல் என்பது தனியொரு துறை. ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய முல்லையில் செவிலி கூற்றுக்கென ஒரு பத்தே உண்டு. குறுந்தொகையில் 167ஆம் பாட்டும் இத்துறையதே. கூடலூர் கிழார் பாடியது. இளமனைவி தன் கையால் தயிர் பிசைந்து, புகை கண்ணில் படியச் சமைக்கின்றாள். கணவன் சுவைத்து உண்கின்றான். அவள் முகத்தில் மெல்லிய மகிழ்ச்சி தோன்றுகின்றது.

செவிலி இதனைக் கண்டாள்; மகிழ்ந்தாள்; திரும்பி வந்து சொன்னாள். அவள் செய்தது அவ்வளவே. கையை ஆடையில் துடைத்தாயே என்று கடிந்தாளல்லள். கரண்டியைப் பிடுங்கித் தானே துழாவினாளல்லள். வருதலும் காணுதலும் உண்டு, ஆளுதல் இல்லை. மக்களின் மனைக்குச் செல்லும் பெற்றோர் கற்கவேண்டிய பாடம் இதுவே.

மக்கள் கற்கவேண்டிய பாடம் நற்றிணை 110ஆம் பாட்டில் உள்ளது. பொற்கலத்துப் பாலைக் குடிக்க மறுத்துப் பந்தலைச் சுற்றி ஓடிய செல்வச் சிறுமி, மணமானபின் கணவன் குடி வறுமையுற்ற காலத்தில், தந்தை வீட்டுச் சோற்றை நினைத்துப் பாராமல் ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்கின்றாள். இவ்வறிவை எங்குக் கற்றாள் என்று தாய் வியக்கின்றாள். கோவலனின் நாணமும் இச்சிறுமியின் மானமும் ஒன்றல்ல. இவள் தன் மனையைக் காக்கத் தந்தை வீட்டை நாடவில்லை. அவன் தன் மனையை அழித்துவிட்டு அதனைச் சொல்ல நாணினான்.

ஒரே கூரை, வேறு அடுப்பு

தாய்மனைக்கும் தனிமனைக்கும் இடைப்பட்ட வழியும் தமிழரிடையே உண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தாரிடம் வேறு வைத்தல் என்னும் வழக்கம் உளது. மணமான மகனையும் மருமகளையும் அதே பெருவீட்டுக்குள்ளேயே தனி அறையும் தனி அடுப்பும் கொடுத்து, வேண்டிய பண்டங்களையும் தந்து, தனிக் குடும்பமாகத் தொடங்கி வைப்பர். கூரை ஒன்று, கணக்கு வேறு. தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர் என்று கூறும் வணிகரிடையே, கோவலனின் தாய் செய்ததை ஒத்த வழக்கம் நிலவுதல் எண்ணி மகிழத்தக்கது.

சிங்கப்பூரில் அரசினரும் இவ்விடைவழியை நாடியிருக்கின்றனர். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 1964இல் வீட்டுடைமைத் திட்டம் வந்தது. 1968 முதல் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டு வீடு வாங்கலாம் என்றாயிற்று. இன்று அந்நாட்டு மக்களில் நால்வரில் மூவருக்கு மேற்பட்டோர் கழக வீடுகளில் வாழ்கின்றனர். 2013இல் மூன்று தலைமுறையினர் ஒருங்கே வாழ்வதற்கென்று அமைந்த வீடுகள் விற்பனைக்கு வந்தன. பெற்றோருடனோ அவர்க்கு அருகிலோ மறுவிற்பனை வீடு வாங்குவோர்க்கு 2015 முதல் மானியம் வழங்கப்பட்டது. 2018இல் அருகில் என்பதற்கு நான்கு கிலோமீட்டர் என்று எல்லை வகுத்தனர். செவிலி காலையில் சென்று மாலையில் திரும்பும் தொலைவு என்று நாம் அதனைக் கொள்ளலாம்.

ஆயினும் அங்கு மணமாகாத ஒருவர் தனியே கழக வீடு வாங்க 35 வயது நிரம்பவேண்டும். 1991இல் அவர்க்கு வழி திறந்தபோது வகுத்த எல்லை அது. ஆகவே முப்பது வயதில் தாய்வீட்டில் இருக்கும் மகளைப் பார்த்து, பாசம் என்று புகழ்வதும் சோம்பல் என்று இகழ்வதும் முறையன்று. சட்டமும் விலையும் வகுத்த வாழ்வை ஒழுக்கத்தின் கணக்கில் எழுதலாகாது.

தோட்டத்து வீடு

இதுகாறும் கூறியது பெற்றோர்க்குச் சொந்த வீடு உண்டு என்னும் எண்ணத்தின்மேல் நின்றது. மாசாத்துவானுக்கு மாளிகை இருந்தது. அதனால் மகனுக்கு மனை கொடுத்தான். நம் தோட்டப் பாட்டாளிக்கு என்ன இருந்தது? லயத்து வீடு இருந்தது. அது வேலையோடு வரும்; வேலையோடு போகும். முப்பது நாற்பது ஆண்டு அதில் வாழ்ந்து, அதன் வாயிலில் முருங்கையும் வாழையும் வைத்து வளர்த்தவர், ஓய்வு பெறும் நாளில் வீட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். தொழிலாளர் வீட்டுத் தரம் பற்றி 1990இல் சட்டம் வந்தது. அது வீட்டின் தரத்தைக் காத்தது, வீட்டை உடைமையாக்கவில்லை.

இதனால் விளைந்த கொடுமையைத் தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் நன்கு அறிவர். தந்தைக்கு ஓய்வு வந்தால் வீடு போய்விடும். வீடு நிலைக்கவேண்டுமாயின் பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பேர் பதியவேண்டும். வீட்டைக் காப்பாற்றுவதற்காக ஒரு பிள்ளையின் படிப்பு நின்றது. பெரும்பாலும் நின்றது மூத்த மகளின் படிப்பே. பெற்றோருடன் வாழ்தல் அங்கே பாசத்தின் பெயரால் மட்டும் நடக்கவில்லை. வீட்டு வாடகையாக ஒரு பிள்ளையின் எதிர்காலம் கொடுக்கப்பட்டது. கூட்டுக் குடும்பத்தைப் புகழ்ந்து மேடையில் பேசுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

தோட்டத் துண்டாடலின்போது வேலையும் வீடும் ஒருங்கே பறிபோகும் நிலை வந்தது. அந்நாளில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டும் மக்களிடம் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். சிறுதுளி சேர்ந்தால் பாட்டாளியும் நிலவுடைமையாளன் ஆகலாம் என்பதற்கு அது சான்றாக நின்றது. ஆயினும் எல்லாத் தோட்டங்களையும் அவ்வாறு காத்தல் இயலவில்லை. 1980க்குப் பின் பல தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. அங்கே பிறந்து வளர்ந்தோர் கையில் சிறு தொகையுடன் வெளியேறினர்.

ஆகவே தோட்டத்துப் பிள்ளைக்குச் சிலம்பின் வரிசை தலைகீழாக அமைந்துவிட்டது. புகாரில் பெற்றோர் மகனுக்கு மனை வைத்தனர். இங்கே மக்கள் பெற்றோர்க்கு மனை வைக்கவேண்டும். பட்டணத்துக்குச் சென்று, வாடகை அறையில் தங்கி, வேலை பார்த்து, தாமானில் ஒரு சிறு வீட்டுக்கு முன்பணம் சேர்க்கும் இளைஞனைப் பார்த்து, பெற்றோரை விட்டுப் போய்விட்டான் என்று பழிப்பது அறமாகாது. 2013 முதல் தனியார் துறையிலும் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்றாயிற்று. தந்தைக்கு அவ்வயது வருமுன் கூரை ஒன்று தேடியாகவேண்டும். அவன் தனியே போனது பெற்றோரை அழைத்துக்கொள்வதற்காகவே.

அவன் செல்லும் வழியில் இடர்கள் உள. வீட்டுக் கடனை 35 ஆண்டுவரை நீட்டித்துக் கொடுக்கின்றனர். 25 வயதில் கையெழுத்திடுபவன் 60 வயதில்தான் விடுபடுவான். ஊழியர் சேமநிதி 1951இல் தோன்றியது முதுமைக்காக. அதில் வீட்டுக்கென எடுக்கும் தொகையும் முதுமைக்குரிய பணமே. தவணையைக் கணக்கிடாமல், ஊரார் மெச்ச மாடிவீடு வாங்குபவன் கோவலனின் முதற்பிழையை வேறு வகையில் செய்கின்றான். அவன் முன்னோர் தேடியதைச் செலவிட்டான். இவன் இனி ஈட்டப்போவதைச் செலவிடுகின்றான். மனையின் அளவைக் கையின் வலிமை தீர்மானிக்கவேண்டும். கண்ணின் ஆசை தீர்மானித்தல் கூடாது.

வீடு வாங்கியபின்னும் ஒன்று எஞ்சுகின்றது. லயத்தில் வாழ்ந்த தாய்க்கு அண்டை வீடு கூப்பிடு தொலைவில் இருந்தது. மாரியம்மன் கோயில் நடக்கும் தொலைவில் இருந்தது. கீரைப் பாத்தி கொல்லையில் இருந்தது. அடுக்குமாடியின் ஐந்தாம் தளத்தில் அவளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி மட்டுமே துணை. பெற்றோரை உடன் வைத்திருக்கின்றேன் என்று மகன் பெருமை கொள்கின்றான். உடன் இருப்பது உடல். உறவாடுவதற்கு ஆள் வேண்டும். ஒரே கூரையின் கீழும் தனிமை உண்டு என்பதை மறத்தலாகாது.

திருக்குறள் இல்வாழ்க்கை அதிகாரத்தின் முதற்பாட்டில் இல்வாழ்வான் மூவர்க்குத் துணை என்று கூறப்படுகின்றது. பரிமேலழகர் அம்மூவரை ஏனைய மூன்று நிலையினர் என்று கொண்டார். பிற்காலத்தார் சிலர் பெற்றோர், மனைவி, மக்கள் என்று கொண்டனர். எவ்வுரையைக் கொண்டாலும் துணை என்னும் சொல் மாறவில்லை. உடன் உறைவோன் என்று வள்ளுவர் கூறாமல் துணை என்று கூறினார். உறைவிடம் வேறாயினும் துணையாதல் கூடும். ஓரிடத்து உறைந்தும் துணையாகாதோர் உளர். தொல்காப்பியர் கற்பியலில் முதுமைக் காலத்துக்கு வகுத்த வாழ்வும், மக்களோடும் சுற்றத்தோடும் கூடி நல்லவற்றைப் பயிலுதல் என்பதே. அங்கும் கூரையின் எண்ணிக்கை பேசப்படவில்லை, கூட்டமே பேசப்படுகின்றது.

முடிவு

மேற்கூறியவற்றால் தேர்ந்த முடிவு இது. தனிமனை தமிழர்க்குப் புதிதன்று. தாயே வைத்துக் கொடுத்தது. தாய்மனையில் தங்குதலும் இழுக்கன்று. காலமும் சட்டமும் விலையும் அதனை வேண்டுவதுண்டு. ஒரு மனையை ஆராயும்போது மூன்று வினாக்களை எழுப்புக. அம்மனையில் யாருடைய உழைப்பு இருக்கின்றது? அம்மனையால் யாருக்குப் பயன்? தோற்றவன் திரும்பி வந்தால் அம்மனையின் கதவு திறக்குமா? இம்மூன்றுக்கும் நல்ல விடை கிடைப்பின் அது தாய்மனையாயினும் தனிமனையாயினும் நன்மனையே.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மனையறம் படுத்த காதையை நடத்தும்போது பாராட்டு மொழிகளோடு நிறுத்திவிடாதீர்கள். இறுதியில் வரும் அத்தாயையும் மாணவர்க்குக் காட்டுங்கள். நம் மாணவரிற் பலர் நாளை வீடு வாங்குவர். சிலர் வாங்கியதை இழக்கவும் நேரும். வேலை போயிற்று, தவணை நின்றது, வீடு ஏலத்துக்குப் போயிற்று என்னும் நாளில், விடியுமுன் ஊரைவிட்டு ஓடாமல் பெற்றோர் வாயிலில் வந்து நிற்கும் துணிவு அவர்க்கு வேண்டும். வந்து நிற்பவனை ஏன் வந்தாய் என்று கேளாத பெருந்தன்மை பெற்றோர்க்கு வேண்டும். கோவலன் அன்று தெருவைக் கடந்து தந்தையின் மனைக்குச் சென்றிருப்பானாயின் சிலப்பதிகாரம் என்னும் நூல் நமக்குக் கிடைத்திராது. ஒரு குடும்பம் பிழைத்திருக்கும். நம் பிள்ளைகளின் வாழ்வு காப்பியமாகவேண்டுவதில்லை. அது பிழைத்தால் போதும்.